இன்னும் ஒரு மண்டலம்

உப்பில்லாமல் சமைக்கிறது லேசான வேலை எண்டு நினைக்காதையுங்கோ, டாக்குத்தர். உப்புப் போட்டுச் சமைக்க ஆராலும் ஏலும். உப்பும் புளியும் மீனும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் ஒரு ஆம்பிளையைப் பன்ரண்டு வருசம் முகம் சுளிக்காமல் சாப்பிடப் பண்ணினவள் இந்த நெடுந்தீவிலை நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லேல்லை. கேட்டுப் பாருங்கோ, ஊரிலை எல்லாரும் சொல்லுவினம்.

கதிரையை இஞ்சாலை இழுத்துப் போட்டு இருங்கோ. ஒரு கால் ஆடும், சுவரோடை அணைச்சால் நிக்கும். நீங்கள் என்ரை கண்ணிமையை இழுத்துப் பாத்தியள், நகத்தை அமத்திப் பாத்தியள், பேந்து "என்னம்மா சாப்பிடுறியள்" எண்டு கேட்டியள். சொல்லுறன். வள்ளம் பின்னேரம்தானே திரும்பும். என்ரை சாப்பாட்டைச் சொல்லுறதெண்டால் என்ரை தம்பியின்ரை தலையிடியிலை இருந்து துவங்கோணும்.

தம்பி தியாகலிங்கம் எனக்கு எட்டு வயது இளமை. ஐயா கடலிலை போனவர், அம்மா காய்ச்சலிலை போனவ. அப்ப எனக்குப் பதினாறு, அவனுக்கு எட்டு. எனக்குப் பேசி வந்த ரெண்டு சம்பந்தத்தையும் தம்பி சின்னன் எண்டு சொல்லி நான்தான் வேண்டாமெண்டனான். ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்லை. அவன் வளந்து, படிச்சு, எங்கடை ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கே மனேச்சராய் வந்தான். பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தால் பேப்பரை முதல் பக்கத்திலை இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் எனக்குச் சத்தமா வாசிப்பான். மந்திரிமார் பேசினதை அவையைப் போலை மூக்காலை பேசிக் காட்டுவான். நான் அகப்பையும் கையுமா நிண்டு சிரிப்பன். அதாலை எத்தினையோ நாள் சோறு அடிப்பிடிச்சிருக்குது, அதையும் அவன் பகிடி பண்ணிக்கொண்டே சாப்பிடுவான்.

அறுபத்தோராம் ஆண்டு தை மாதம் அவனுக்கு எழுத்து நடந்தது. பொம்பிளை சறோஜினிதேவி, மண்கும்பான் நடராசாவின்ரை மூத்த மகள், வயது இருபத்திரண்டு. பதிவுகாரருக்கு முன்னாலை ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சாச்சு, தாலிகட்டு ஆவணியிலை எண்டு பேச்சு. எங்கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பொம்பிளைக்கு, மாப்பிள்ளை அங்கை போய் இருப்பான். இந்த வீடு என்ரை, அந்த வீடு அவளின்ரை, ரெண்டுக்கும் இடையிலை கடல்.

பங்குனி வெயிலிலை அவனுக்குத் தலையிடி துவங்கினது. அது பொய்யில்லை, டாக்குத்தர். அதை வடிவாக் குறிச்சுக்கொள்ளுங்கோ. நெத்தியின்ரை ஒரு பக்கம் குத்தும், வெளிச்சம் பாக்க ஏலாது, சத்தி எடுப்பான், பேந்து நாள் முழுக்கக் கை கால் சோர்ந்து கிடப்பான். நான் ஏரம்புப் பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். பித்தம் தலைக்கு ஏறி நிக்குது எண்டார். புதனும் சனியும் தலைக்குத் தான் காய்ச்சின எண்ணெய், நெத்திக்குச் சுக்குப் பத்து, ரெண்டு நேரமும் குடிநீர், பெலனுக்கு இளகியம் ஒரு கொட்டைப்பாக்களவு, மூக்குக்கு ரெண்டு சொட்டு நசியம். நசியம் விட்டால் தம்பி தும்முற தும்மலுக்குப் பக்கத்து வளவு நாகுமாடு கயிறை அறுத்துக்கொண்டு ஓடும். அதைப் பாத்து அவனே தலையைப் பிடிச்சபடி சிரிப்பான்.

இனித்தான் முக்கியமான விசயம். எங்கடை ஊரிலை பரியாரியார் நாடி பாக்கிறது வருத்தக்காரனின்ரை கையிலை, பத்தியம் சொல்லுறது குசினி வாசலிலை. வருத்தக்காரனுக்குச் சொன்னால் அவன்ரை நாக்கு நியாயம் கதைக்கத் துவங்கிவிடும் எண்டு ஏரம்புப் பரியாரியார் சொல்லுவார். சமைக்கிறவளுக்குச் சொன்னால் காணும். என்ன சாப்பிடலாம், எத்தினை நாளுக்கு, எப்ப முறிக்கலாம் எல்லாம் அவளிட்டைத்தான் இருக்கும். மற்றவன் அவளைக் கேட்டு அறிஞ்சு கொள்ளோணும்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் எண்டு சொன்னவர். உப்பில்லை, புளியில்லை, மீனில்லை, தேங்காயில்லை, தேத்தண்ணியும் இல்லை. கடல்காத்துப் படக்கூடாது, அதாலை வள்ளம் ஏறக்கூடாது. பத்தியகாரனுக்குத் தாலிகட்டு வைக்கிறதில்லை எண்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதுக்கெண்டு ஒரு சின்ன மண்சட்டி புதுசா வாங்கினனான். மீன் மணம் படாத சட்டி. முசுமுசுக்கை வறை, மிளகும் சீரகமும் இடிச்சுப் போட்ட பயத்தங்காய், புழுங்கலரிசிக் கஞ்சி எண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். அவன் கடைக்குப் போகாமல் லீவிலை நிண்டவன். காலமை பேப்பர், மத்தியானம் கதை, பின்னேரம் தாயம். அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் சந்தோசமா இருந்தன். தலையிடி முப்பதாம் நாளே விட்டிட்டுது.

நாற்பத்தெட்டாம் நாள் பரியாரியார் வந்து நாடி பாத்தார். பேந்து குசினி வாசலுக்கு வந்தார். "பிள்ளை, வருத்தம் மாறிப்போட்டுது. நாளைக்கு முழுக வாத்துப் பத்தியத்தை முறி. மீன் குடு, முட்டை குடு, உப்புப் புளி எல்லாம் குடு. மாப்பிள்ளை கலியாணத்துக்கு ஆயத்தப்படட்டும். எனக்கும் ஒரு பந்தி வையுங்கோ" எண்டார். நான் சிரிச்சுக்கொண்டு ஓமெண்டனான். முறிக்கிறதுக்கெண்டு நல்ல விளைமீன் ஒண்டும் வாங்கி வைச்சிருந்தனான்.

கையைத் துடைச்சுக்கொண்டு உள்ளை போனன். தம்பி சாய்மனைக் கதிரையிலை இருந்து, "என்னவாம் அக்கா?" எண்டு கேட்டான்.

"இன்னும் ஒரு மண்டலமாம், தம்பி" எண்டன்.

வாய்க்குள்ளை வேறை வசனம்தான் இருந்தது. வெளியிலை வந்தது இதுதான். அவன் மறுகேள்வி கேக்கேல்லை. "பரியாரியார் சொன்னால் சரிதானே" எண்டிட்டுப் பேப்பரை விரிச்சான். விளைமீனைப் பூனைக்குப் போட்டனான். நல்லாத் திண்டுது.

அடுத்த நாளே பரியாரியார் நயினாதீவிலை கலியாணம் கட்டிக் குடுத்த மகள் நாகமுத்துவைப் பாக்கப் போனவர். போன இடத்திலை மாரடைப்பு வந்து அங்கையே கண்ணை மூடிப்போட்டார். எனக்கு நல்ல கவலை. நல்ல மனிசன், கைராசிக்காரர். ஆனால் பத்தியம் முறிக்கச் சொன்னது இனி உலகத்திலை என்னை விட வேறை ஒருத்தருக்கும் தெரியாது.

நீங்கள் படிச்ச பிள்ளை, அவன்ரை சாப்பாட்டிலை என்ன போட்டனியள் எண்டு கேப்பியள். நான் ஒண்டும் போடேல்லை, டாக்குத்தர். கோயிலிலையும் சொல்லுவன், கோட்டிலையும் சொல்லுவன். போடாமல் விட்டனான், அவ்வளவுதான். பரியாரியார் தந்த சரக்கு முடிஞ்ச பிறகு மல்லியும் சுக்கும் அவிச்சுக் குடுத்தனான். அது ஆருக்கும் கெடுதல் செய்யாத தண்ணி. ஆனால் இந்தத் தீவு வெயிலிலை வேர்த்து ஒழுகிற மனிசன் உப்பும் மீனும் இல்லாமல் எவ்வளவு நாளைக்கு நிமிர்ந்து நிப்பான்? மூண்டு மாதத்திலை தலையிடி திரும்பி வந்துது. கூடவே பெலயீனமும் வந்துது. வந்த பிறகு பத்தியத்தை முறிக்க ஏலாதுதானே. வருத்தக்காரனுக்கு மீன் குடுக்கிறது ஆர்?

ஏன் எண்டும் கேப்பியள். நீங்கள் எப்பவாவது ஒருத்திக்கு மட்டும் சமைச்சுப் பாத்திருக்கிறியளோ? அரைச் சுண்டு அரிசி. கை கழுவிக்கொண்டு வாறதுக்குள்ளை வெந்திடும். பேந்து நாள் முழுக்க என்ன செய்யிறது? எனக்கு அது பயம். செத்துப்போறதுக்குக் கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அவனைப் போலை பத்தியம் காத்த ஆம்பிளையை நீங்கள் காணமாட்டியள். பிறகு கடைக்குப் போகத் துவங்கினவன், குடையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல மெல்லப் போவான். ஊருக்கெல்லாம் மாசிக்கருவாடு நிறுத்துக் குடுப்பான். குடுத்துப்போட்டு மணம் மூக்கிலை ஏறக்கூடாதெண்டு சவுக்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் பாப்பான். நடராசா ரெண்டு மூண்டு தரம் வள்ளம் ஏறி வந்து சத்தம் போட்டவர். மகளுக்கு எழுத்தெழுதியாச்சு, வேறை இடமும் பாக்க ஏலாது, மாப்பிள்ளையை யாழ்ப்பாணம் கொண்டுபோய் இங்கிலீசு மருந்து எடுப்பம் எண்டவர். பத்தியத்திலை இங்கிலீசு மருந்து தொட்டால் உள்ளுக்கை ரெண்டும் சண்டை பிடிக்கும் எண்டு நான் சொன்னனான். தம்பியும் ஓமெண்டு தலையாட்டினவன். நடராசாவுக்கு நல்ல ஆட்டிறைச்சிக் கறி வைச்சு அனுப்பினனான். உப்பு, புளி எல்லாம் அளவாய் இருந்ததெண்டு அவரே சொன்னவர்.

ஒருக்கால் எனக்கு மனம் மாறினது. அதையும் சொல்லோணும், இல்லாட்டில் என்னைப் பொல்லாதவள் எண்டு நினைச்சுப்போடுவியள். அறுபத்தாறிலை, சித்திரை மாதம், தராசுக்குப் பக்கத்திலை மயங்கி விழுந்திட்டான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினவை. அவன்ரை கையைப் பிடிச்சுப் பாத்தனான், எட்டு வயதிலை இருந்த கை மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது. குசினிக்குப் போய்க் கஞ்சியிலை உப்புப் போட்டனான், ரெண்டு விரலாலை அள்ளி, தாராளமாய். ஒரு வாய் வைச்சவன் துப்பிப்போட்டான். "அக்கா, உங்களுக்குக் கை தவறிப்போச்சுது. உப்பு விழுந்திட்டுது. பாவம், களைச்சுப்போனியள்" எண்டு கோப்பையைத் தள்ளினவன். நான் குடுத்தனான், அவன்தான் வேண்டாமெண்டவன். அதுக்குப் பிறகு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

இப்பிடியே எழுபத்துமூண்டு மட்டும் போச்சுது. அது பாணுக்கு வரிசையிலை நிண்ட காலம். மாவில்லை, சீனியில்லை, ஊரே மெலிஞ்சுபோச்சுது. சங்கக்கடை வாசலிலை எல்லாரோடையும் சேர்ந்து நிக்கேக்கை தம்பிக்கும் மற்றவைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. "பாத்தியளோ அக்கா, ஊர் முழுக்கவும் இப்ப எங்கடை பத்தியம்தான்" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நாங்கள் ரெண்டு பேரும் அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு.

அந்த ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு அடுத்த நாள், அழைப்பில்லாமல், துணையில்லாமல், சறோஜினிதேவி வள்ளத்திலை வந்து இறங்கினவள். வயது முப்பத்திநாலு. காதடியிலை ரெண்டு நரை. தம்பியின்ரை அறைப் பக்கம் போகேல்லை, நேரே குசினிக்கு வந்தவள். பைக்குள்ளை ஒரு பொட்டளி உப்பு, ஒரு உருண்டை பழப்புளி, வாழையிலையிலை சுத்தின மீன்.

"மச்சாள், நீங்கள் களைச்சுப்போனியள், இருங்கோ. இண்டைக்கு நான் சமைக்கிறன்" எண்டாள். பேந்து மீனுக்குச் செதிள் தட்டிக்கொண்டே, "உங்கடை தம்பியின்ரை தலையிடிக்கு நேத்தி வைக்கவெண்டு நயினாதீவுக்குப் போனனான். கோயிலிலை ஏரம்புப் பரியாரியாரின்ரை மகள் நாகமுத்தக்காவைக் கண்டனான். எனக்கு எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவ" எண்டாள்.

நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தனான். மிச்சத்தையும் உரிச்சனான். பரியாரியார் சாகிறதுக்கு முதல் நாள் மகளிட்டைப் பெருமையாச் சொல்லியிருக்கிறார், நெடுந்தீவிலை தான் தலையிடி மாத்தின மாப்பிள்ளைக்கு ஆவணியிலை கலியாணம், தனக்கும் பந்தி இருக்குது எண்டு. அந்த மனிசி அந்தக் கலியாணம் எப்பவோ நடந்து முடிஞ்சுது எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா.

மீன் கொதிச்ச மணத்துக்குத் தம்பி எழும்பிக் குசினி வாசலுக்கு வந்திட்டான். பன்ரண்டு வருசத்திலை அவன் அந்த வாசலுக்கு வந்தது அண்டைக்குத்தான்.

"உது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். பத்தியம் முறிக்கலாமெண்டு பரியாரியார் சொன்னவராம்."

"எப்ப சொன்னவர்?"

சறோ என்னை ஒருக்கால் திரும்பிப் பாத்தாள். பேந்து அவனைப் பாத்து, "எனக்கு நேத்துத்தான் செய்தி வந்தது" எண்டாள்.

பாத்தியளோ, என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. தங்கமான பிள்ளை. அண்டையிலை இருந்து அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. தம்பி முதல் வாய் வைச்சவன் அப்பிடியே இருந்தான். கண்ணாலை தண்ணி ஓடுது. "உப்பு, அக்கா" எண்டான். மூண்டு மாதத்திலை ஆள் அரிசி மூட்டை தூக்கினவன். ஐப்பசியிலை பிள்ளையார் கோயிலிலை தாலிகட்டு நடந்தது. அவன்ரை உத்தியோகம் இஞ்சைதானே, தான் இஞ்சை வந்து இருக்கிறன் எண்டு சறோவே சொன்னவள். வழக்கம் இல்லைத்தான். ஆனால் வந்தவள். பன்ரண்டு வருசத்துக்கு முதல் கேட்டிருந்தாலும் வந்திருப்பாளாம். நான் கேட்டிருக்கலாம். கேக்கிற யோசனை எனக்கு வரேல்லை.

பிள்ளை குட்டி இல்லை. காலம் பிந்திப்போச்சுதெண்டு மருத்துவிச்சி சொன்னவ. அது கடவுள் விட்ட வழி, நான் அதிலை என்ன சொல்லக் கிடக்குது. வீட்டிலை ஒரு சச்சரவும் இல்லை. பத்தியச் சட்டியை நான் பரணிலை கவிட்டு வைச்சனான். எறியச் சொன்னன், சறோ எறியேல்லை. "நல்ல சட்டி, மச்சாள், கிடக்கட்டும். எப்பவாவது உதவும்" எண்டு கழுவித் துடைச்சு வைச்சவள். சிக்கனமான பிள்ளை.

அப்பிடியே உதவிச்சுதுதான். போன வருசத்துக்கு முதல் வருசம் பங்குனியிலை எனக்குத் தலையிடி துவங்கினது. தம்பிக்கு வந்த அதே பக்கம். நாகமுத்துவின்ரை மகன் ஐயாத்துரை இப்ப படிச்சுப் பலகை போட்ட வைத்தியர், அவர்தான் வந்தவர். என்ரை கையைப் பிடிச்சுக் கனநேரம் நாடி பாத்தார். பேந்து எழும்பிக் குசினி வாசலுக்குப் போனார். சறோவோடை மெல்லக் கதைச்சுக் கேட்டுது. அவள் முந்தானையிலை கையைத் துடைச்சுக்கொண்டு வந்தாள். "ஒரு மண்டலமாம், மச்சாள்" எண்டாள்.

அது முடிய இன்னும் ஒரு மண்டலமாம் எண்டாள். அதுவும் முடிய, இன்னும் ஒண்டாம். இப்ப ரெண்டு மாரி கழிஞ்சுபோச்சுது. ஐயாத்துரை யாழ்ப்பாணத்துக்கு மாறிப்போட்டார், அதாலை ஒருக்காலும் வந்து பாக்க வசதியில்லை. சறோ மூண்டு நேரமும் அந்தச் சட்டியிலை கஞ்சி கொண்டுவந்து, பக்கத்திலை இருந்து, கரண்டியாலை பருக்குவாள். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை. அங்காலை மீன் பொரியிற மணம் வரும். தம்பி பேப்பர் கொண்டுவந்து வாசிப்பான். நான், "எப்பையடா முறிப்பினம்?" எண்டு கேட்டால், "அவள் சொன்னால் சரிதானே, அக்கா" எண்டு சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்புவான். அவனுக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன், நீங்கள் பின்னேர வள்ளத்துக்குப் போற ஆள். அவனை வருத்தக்காரனாக்கினது வெயிலுமில்லை, பித்தமுமில்லை, நான்தான். அவளின்ரை பன்ரண்டு வருசத்தை எடுத்ததும் நான்தான். சொல்லியாச்சு, இப்ப தலை கொஞ்சம் லேசாக்கிடக்குது.

உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது தம்பிதான். சறோ வேண்டாமெண்டவள். பத்தியத்திலை இங்கிலீசு மருந்து தொட்டால் உள்ளுக்கை ரெண்டும் சண்டை பிடிக்கும் எண்டு சொன்னவள். என்னிலை அவ்வளவு அக்கறை.

என்ன அப்பிடிப் பாக்கிறியள்? இல்லை, டாக்குத்தர், அவள் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை. ஒரு வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு, ஒரு சட்டியிலை சமைச்சுப் போட்டுக்கொண்டு, அப்பிடி ஒரு பொய்யை ஆர் சொல்லுவினம்?

மீன், முட்டை, உப்பு எண்டு அந்தத் துண்டிலை எழுதிறியள் போலை. எழுதுங்கோ, நல்லது. ஆனால் துண்டை எனக்குத் தராதையுங்கோ, சாப்பாட்டு விசயம் எனக்குச் சொல்லுறது முறையில்லை. சறோ குசினியிலை நிக்கிறாள். போற வழியிலை அவளிட்டைச் சொல்லுங்கோ. எனக்கு அவள் சொல்லுவாள்.